பழைய கணக்கு டேட்டா: யாருக்கு, எந்த வருஷம் வரை, எத்தனை நாள் அனுமதி?

வடவாற்றுக்காரன் (மன்னார்குடி)

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் கணக்கு, கம்ப்யூட்டர் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். ஆலையோடு ஒரு உரக்கடையும் உண்டு. ஒரே குடும்பம், இரண்டு கூட்டு நிறுவனம், மொத்தம் 11 கணினிகள்.

2008 முதல் 2017 ஜூன் வரையான கணக்கு ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய ஒரு பேக்கேஜில் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையிலிருந்து டேலி கணக்கு மென்பொருள். போன மாதம் பழைய சர்வர் படுத்துவிட்டதால் எல்லாவற்றையும் புது சர்வருக்குக் காப்பி செய்து "பழசு" என்று ஒரு ஃபோல்டரில் போட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எடைமேடைப் பையன் பழைய எடைச்சீட்டு ஒன்றைத் தேடப் போனவன் 2015 சம்பளப் பட்டியலைத் திறந்துவிட்டான். யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் களத்தில் பேச்சாகிவிட்டது. இரண்டு பேர் இன்னும் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பையன் மேல் தப்பில்லை. திறந்து கிடந்தது, பார்த்தான்.

இன்னொரு சிக்கல். முதலாளியின் அண்ணன் 2019 மார்ச்சில் கூட்டிலிருந்து விலகிவிட்டார். இப்போது அவருடைய ஆடிட்டர் பழைய பேரேடு வேண்டும் என்கிறார். முதலாளி, "எல்லாத்தையும் பூட்டிடு, சாவி உங்கிட்ட மட்டும் இருக்கட்டும்" என்கிறார். எனக்கு அதில் மனமில்லை. நாளைக்கு நான் இல்லையென்றால் யார் திறப்பது? அண்ணன் தம்பிக்குள் வழக்கு என்று போனால் கணக்கை மாற்றியது நான்தான் என்று பேச்சு வராதா?

இதை எப்படி ஒழுங்காகச் செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

குடந்தை_சர்வர் (கும்பகோணம்)

தம்பி, முதலில் ஏன் திறந்தது என்று சொல்கிறேன். காரணம் தெரியாவிட்டால் இது திரும்பவும் நடக்கும்.

விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால், அது போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். பழைய இடத்தில் நீ போட்டிருந்த பூட்டு கூட வராது. ஒரே டிரைவுக்குள் கட் செய்து நகர்த்தினால் மட்டும் பழைய அனுமதி அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். நீ புது சர்வருக்குக் காப்பி செய்திருக்கிறாய், "பழசு" ஃபோல்டருக்கு எவ்ரிஒன் (எல்லோருக்கும்) என்று கொடுத்து ஷேர் செய்திருக்கிறாய். உள்ளே போன அத்தனையும் ஊருக்குப் பொதுவாகிவிட்டது.

அடுத்தது, 11 கணினியிலும் ஆபீஸ் என்ற ஒரே யூசர் பெயரில்தானே எல்லோரும் சர்வருக்குள் வருகிறார்கள்? நான் பார்த்த ஆலைகளில் பாதி அப்படித்தான். அப்படியென்றால் எந்த அனுமதி போட்டும் பயனில்லை, சர்வருக்கு எல்லோரும் ஒரே ஆள். முதல் வேலையாக சர்வரில் ஆளுக்கொரு யூசர் உண்டாக்கு.

அப்புறம் குழு. ஆள் பெயரை நேராக ஃபோல்டரில் எழுதாதே. "காப்பகம் பார்வை" என்று ஒரு குழு, "சம்பளம் பார்வை" என்று ஒரு குழு. ஃபோல்டருக்குக் குழுவைக் கொடு, குழுவுக்குள் ஆளைச் சேர். ஒருவர் வேலையை விட்டுப் போனால் குழுவிலிருந்து எடுத்தால் போதும், நாற்பது ஃபோல்டரில் அவர் பெயரைத் தேடி அலைய வேண்டாம்.

ஷேர் அனுமதி ஒன்று, செக்யூரிட்டி டேபில் இருக்கும் அனுமதி ஒன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். மேல் ஃபோல்டரிலிருந்து தானாக இறங்கி வரும் அனுமதியை (இன்ஹெரிட்டன்ஸை) "பழசு" வாசலில் நிறுத்திவிடு. பட்டியலில் விண்டோஸே வைத்திருக்கும் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற இரண்டு பெயரையும் மட்டும் அழித்துவிடாதே.

டினை (Deny, மறுப்பு) பக்கம் கையை வைக்காதே. ஒரே மட்டத்தில் அலவும் (Allow, அனுமதி) டினையும் இருந்தால் டினைதான் ஜெயிக்கும். ஒரு கடையில் ஊழியர் குழுவுக்கு டினை போட்டார்கள். முதலாளியும் அந்தக் குழுவில் இருந்தார். மார்ச் 30ஆம் தேதி ராத்திரி எனக்குப் போன் வந்தது. கொடுக்காமல் விட்டாலே கதவு மூடித்தான் இருக்கும்.

---

பட்டுக்கடை_கணக்கு (திருபுவனம்)

இவ்வளவு வேண்டுமா? 11 கணினி உள்ள இடம். பழைய டேட்டாவை ஒரு பென்டிரைவில் ஏற்றி முதலாளி பீரோவில் வைத்துவிட்டு சர்வரிலிருந்து அழித்துவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் கடையில் அப்படித்தான் இருக்கிறது. யாரும் தொட முடியாது. பீரோ சாவி இடுப்பில் இருக்கிறது. அதைவிடப் பெரிய அனுமதி என்ன இருக்கிறது?

---

வேதை_உப்பளம் (வேதாரண்யம்)

திருபுவனத்து சார், கோபப்படாமல் கேளுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது நான் இங்கே ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருந்தேன். கூரை போயிற்று, சர்வர் தண்ணீரில் ஊறியது. ஆனாலும் மாடியில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் இருந்தது. அதைத் திருச்சிக்குக் கொண்டுபோய்த் திறக்கப் பார்த்தோம். டேலியின் டேட்டாவையே பூட்டும் டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தது. அது ஒரே ஒருவருக்குத் தெரியும், அவர் அதற்கு மூன்று மாதம் முன்புதான் காலமானார்.

டேலி வால்ட் பாஸ்வேர்டு தொலைந்தால் மீட்க வழி கிடையாது. டேட்டா குறியாக்கத்தில் இருக்கிறது. நான்கு வருஷத்து வரவு செலவை வங்கி அறிக்கையையும் பில் கட்டையும் வைத்து, ஊரில் கரண்ட் இல்லாத நாட்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், திரும்ப எழுதினோம். யார் எவ்வளவு பாக்கி என்பதை வாடிக்கையாளர்களிடமே போய்க் கேட்டோம். வீடு இழந்து நிற்கிறவரிடம் பாக்கி எவ்வளவு என்று கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் சாவி ஒருவரிடம் மட்டும் என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது முதலாளி இடுப்பில் இருந்தாலும் சரி, கணக்கர் மனசில் இருந்தாலும் சரி. பாஸ்வேர்டை எழுதி, கவரில் வைத்து அரக்கு முத்திரை போட்டு, வங்கி லாக்கரில் ஒன்று, ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்று வையுங்கள். விண்டோஸில் டிஸ்க்கையே பூட்டும் பிட்லாக்கர் போட்டால் 48 இலக்க மீட்பு எண் ஒன்று வரும், அதையும் அச்சடித்து அதே கவரில் வையுங்கள். கவர் பிரிந்தால் யார், என்றைக்கு, எதற்கு என்று எழுதி, பாஸ்வேர்டை மாற்றி, புதுக் கவர்.

பென்டிரைவ் பல வருஷம் சும்மா கிடந்தால் டேட்டா போய்விடும் சார். நகலாக வைக்கலாம். அது ஒன்றையே நம்பக் கூடாது.

---

திருவாரூர்_பேரேடு (திருவாரூர்)

தம்பி, நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 14 வருஷமாக இருக்கிறேன். உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் கலந்திருக்கிறது: எத்தனை வருஷம் வைக்க வேண்டும், யார் பார்க்கலாம், யார் திறக்கலாம். கடைசி இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் எல்லா இடத்திலும் குழப்பம் வருகிறது.

வைப்பது முதலில். ஜிஎஸ்டி சட்டம் 36ஆம் பிரிவுப்படி, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். 2022-23க்குக் கடைசி நாள் 2023 டிசம்பர் 31. ஆக 2029 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஒரு வருஷம் வரை, அல்லது இந்த 72 மாதம், எது பிந்தியதோ அதுவரை. உங்களுடையது கூட்டு நிறுவனம். கம்பெனியாக இருந்தால் கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதை மாற்றினார் என்ற பதிவும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். உங்களுக்கு அது கட்டாயமில்லை, ஆனாலும் டேலியில் அந்தப் பதிவுக்கு எடிட் லாக் என்ற வசதி இருப்பதால் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

இப்போது அண்ணன் விஷயம். 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம், 12ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிராவிட்டால் கூட்டாளி ஒவ்வொருவரும் நிறுவனத்தின் எந்தப் புத்தகத்தையும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம் என்கிறது. அவர் கூட்டாளியாக இருந்த காலத்துக் கணக்கைக் காட்ட மாட்டேன் என்று முகத்தில் கதவைச் சாத்தினால் அதுவே வழக்குக்கு வழி. விலகியபோது எழுதிய பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள்.

ஆனால் பார்க்கும் உரிமை வேறு, லாகின் கொடுப்பது வேறு. அவருக்கோ அவர் ஆடிட்டருக்கோ யூசர் பெயர் தேவையே இல்லை. 2019 மார்ச் வரையான பேரேட்டை பிடிஎஃப் ஆக எடுத்துக் கொடுங்கள், எத்தனை பக்கம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கணினியில், நீங்கள் பக்கத்தில் இருக்க, அந்த வருஷங்களின் நகலை மட்டும் திறந்து காட்டுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிந்தையது அந்தக் கணினியிலேயே இருக்கக் கூடாது.

உங்கள் பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. மூல நகல் ஒவ்வொன்றுக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு நீள எண்) எடுத்து, அந்த எண்களை அச்சடித்து, முதலாளி, ஆடிட்டர், நீங்கள் மூவரும் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். விண்டோஸிலேயே அதற்கு சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளை இருக்கிறது, தனி மென்பொருள் வேண்டாம். ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தில் மின்னணு ஆவணத்தோடு கொடுக்கும் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் எழுத இடம் உண்டு.

---

வடவாற்றுக்காரன்

அக்கா, இந்த "பார்க்கும் உரிமை வேறு, லாகின் வேறு" என்பதை முதலாளியிடம் அப்படியே சொன்னேன். முதல்முறையாகத் தலையாட்டினார். அண்ணனை சர்வருக்குள் விடச் சொல்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருக்கிறார்.

குடந்தை அண்ணே, நீங்கள் சொன்னது சரிதான், எல்லோரும் ஆபீஸ் என்ற ஒரே யூசர்தான். மாற்றிவிட்டேன். ஆனால் புதுப் பிரச்சினை. "பழசு" ஃபோல்டரை வெறும் ரீட் ஆக்கியதும் ஃபாக்ஸ்புரோ பேக்கேஜ் திறக்க மறுக்கிறது. டேலியும் அப்படியே. திரும்ப எழுதும் அனுமதி கொடுத்தால் பழைய வவுச்சரை யாரும் மாற்றலாமே?

---

குடந்தை_சர்வர்

நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஃபாக்ஸ்புரோ பேக்கேஜ் திறக்கும்போது அதே ஃபோல்டரில் இண்டெக்ஸும் தற்காலிக ஃபைல்களும் எழுதும். டேலியும் டேட்டா ஃபோல்டரில் எழுதியே ஆகும். வெறும் ரீட் கொடுத்தால் இரண்டும் நகராது.

ஆகவே இரண்டு அடுக்கு. மூலம் ஒன்று: யாருக்கும் எழுதும் அனுமதி இல்லை, நாள்தோறும் பார்க்கும் அனுமதியும் யாருக்கும் இல்லை. பார்வை நகல் ஒன்று: தனியாக ஒரு கணினியில், கேட்டவருக்குத் தேவையான வருஷம் மட்டும், எழுதும் அனுமதியோடு. அவர் அதில் எதையாவது மாற்றினாலும் நகல்தான் கெடும். வேலை முடிந்ததும் நகலை அழி. பழைய டேலி டேட்டாவைப் புதுப் பதிப்பில் திறந்தால் மாற்றச் சொல்லிக் கேட்கும், அதையும் நகலில் மட்டும் செய்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். ஃபாக்ஸ்புரோ பேக்கேஜில் பாஸ்வேர்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதே. அந்த பாஸ்வேர்டு பேக்கேஜின் வாசலுக்குத்தான். உள்ளே டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைலை எக்செலிலோ லிப்ரேஆபீஸிலோ இழுத்துப் போட்டால் அட்டவணையாக விரியும். உன் எடைமேடைப் பையன் சம்பளத்தைப் பார்த்தது அப்படித்தான் இருக்கும். ஃபோல்டர் அனுமதி ஒன்றுதான் அதற்குப் பூட்டு.

---

தஞ்சை_டேட்டாபேஸ் (தஞ்சாவூர்)

ஃபாக்ஸ்புரோ பற்றி ஒரு வார்த்தை. இங்கே சரஸ்வதி மகால் நூலகத்தில் மராட்டியர் காலத்து மோடி எழுத்து (மராத்தி எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறை) ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மோடி படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் பேக்கேஜுக்கும் அந்த நிலை வரும். அனுமதி இருந்தும் திறக்கத் தெரிந்த கணினி இருக்காது. டிபிஎஃப்களை இப்போதே சிஎஸ்வி (வெறும் எழுத்து அட்டவணை) ஆகவும் பேரேட்டை பிடிஎஃப் ஆகவும் மாற்றி, மூலத்தோடு சேர்த்து வையுங்கள்.

எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பழைய கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் இது. எஸ்க்யூஎல் சர்வர் பேக்கப்பை வேறு சர்வரில் ஏற்றினால் டேட்டாபேஸ் யூசர் பெயர் இருக்கும், லாகின் தொடர்பு அறுந்திருக்கும். அவசரத்தில் எல்லோருக்கும் ஓனர் உரிமை கொடுத்துவிடாதீர்கள், தொடர்பைச் சரிசெய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஸ்கீமாவில் (டேபிள்களின் தொகுப்பில்) உள்ள எல்லா டேபிளுக்கும் என்று செலக்ட் (பார்க்கும்) அனுமதி கொடுத்தால் அன்றைக்கு இருக்கும் டேபிளுக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த வருஷம் சேர்ப்பதற்கு டிஃபால்ட் பிரிவிலேஜ் தனியாக மாற்ற வேண்டும். ஆதார் எண் போன்ற பத்திகளை விட்டுவிட்டு ஒரு வியூ (மீதிப் பத்திகள் மட்டும் தெரியும் பார்வை) செய்து அதற்கு மட்டும் அனுமதி கொடுப்பது சுலபம்.

---

ஒரத்தநாட்டு_மகன் (ஒரத்தநாடு)

நான் இந்தத் துறை ஆள் இல்லை. அப்பா விவசாயி. இழை முழுவதும் படித்தேன், ஒன்று கேட்க வேண்டும்.

எல்லோரும் கூட்டாளி, சம்பளம், ஜிஎஸ்டி என்று பேசுகிறீர்கள். அந்த "பழசு" ஃபோல்டரில் எங்கள் அப்பா மாதிரி ஆட்களுடையது எவ்வளவு இருக்கும்? நெல் போட்ட பணம் வங்கியில் வர பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுக்கிறோம். உரக்கடையில் ஆதார் எண் கொடுத்து, கருவியில் விரல் வைத்துத்தான் மானிய உரம் வாங்குகிறோம், கூடவே ஜெராக்ஸும் கேட்டு வாங்கி வைக்கிறார்கள். சில கடைகளில் கடன் வைக்கும்போது சிட்டா நகலும் கேட்பார்கள். அப்பா ஒரு தடவைகூட "இதை யார் பார்ப்பார்கள்" என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றாது. இரண்டு தலைமுறைப் பழக்கம், அந்த நம்பிக்கையில் கொடுத்துவிட்டு வருவார்.

இரண்டு வருஷம் முன்பு எங்கள் பக்கம் ஒரு கடையில் பழைய ஜெராக்ஸ் கட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். அதில் அப்பாவின் பாஸ்புக் முன்பக்கம் பொட்டலம் மடிக்கும் காகிதமாக வந்தது. அவர் அதை மடித்து மேல்துண்டில் முடிந்துகொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன், எங்கள் பங்கை யார் பார்க்கிறீர்கள்?

---

திருவாரூர்_பேரேடு

தம்பி, நீங்கள் கேட்டது இந்த இழையில் முதலிலேயே வந்திருக்க வேண்டிய கேள்வி.

2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை இதுதான்: எந்தக் காரியத்துக்காக வாங்கினோமோ அது முடிந்து, வேறு சட்டம் வைக்கச் சொல்லவும் இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று எழுதியிருக்கிறது. கணக்கு வைக்க ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. ஆதார் ஜெராக்ஸ் வைக்கச் சொல்லவில்லை. கொள்முதல் கணக்கில் பெயர், முழு முகவரி, எடை, தொகை இருந்தால் போதும்.

வடவாற்றுத் தம்பி, ஸ்கேன் செய்த ஆதார், பாஸ்புக், சிட்டா எல்லாவற்றையும் கணக்கிலிருந்து பிரித்துத் தனி ஃபோல்டரில் வையுங்கள். அதற்கு அன்றாட அனுமதி யாருக்கும் வேண்டாம், முதலாளி உட்பட. காரியம் முடிந்ததை ஆடிட்டரைக் கேட்டு அழியுங்கள். இனிமேல் ஆதார் வாங்கும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே போதுமா என்று பாருங்கள்.

---

பட்டுக்கடை_கணக்கு

ஒரத்தநாட்டுத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மதியம் எங்கள் பீரோவைத் திறந்து பார்த்தேன். பென்டிரைவில் நெசவாளர்கள் முன்பணப் பேரேடு, அவர்கள் குடும்ப அட்டை நகல் எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கிறது. இன்னொரு விஷயம், 2013 ஃபைல்களில் சில திறக்கவே இல்லை. வேதாரண்யத்தார் சொன்னது சரி. என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். கேட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றால், கேட்கிறவருக்கு யார் சரி சொல்வது? கணக்கரா, முதலாளியா?

---

குடந்தை_சர்வர்

திறந்துவிடுகிறவரும் சரி சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் பார்க்கும் இடங்களில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கேட்டவர், எந்த வருஷம், எதற்கு, எந்தத் தேதி வரை, சரி சொன்னவர் கையெழுத்து, மூடிய தேதி. முதலாளி கையெழுத்துப் போடுவார், கணக்கர் திறப்பார். தேதி வந்தால் யாரையும் கேட்காமல் மூடிவிடுவார். தேதியில்லாத அனுமதியே கிடையாது. ஏனென்றால் கொடுக்கும்போது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, எடுக்கும்போது ஒருவருக்கும் இருப்பதில்லை. ஒரு ஆலையில் சம்பா அறுவடைக்கு மட்டும் வந்த பையனுடைய யூசர் ஆறு வருஷம் உயிரோடு இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். மாசியில் அறுவடை மும்முரம், மார்ச்சில் கணக்கு முடிப்பு, யாரும் உட்கார மாட்டார்கள். சரஸ்வதி பூஜைக்குக் கணக்குப் புத்தகம் எடுத்து வைக்கும் அன்றைக்கு வைத்துக்கொண்டோம். முதலாளி கடையில் இருப்பார், வேலை நடக்காது, அரை மணி நேரம் போதும்.

யார் திறந்தார் என்ற பதிவும் வேண்டுமென்றால் விண்டோஸ் ஆடிட் பாலிசியில் ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்து, மூல ஃபோல்டரின் ஆடிட்டிங் பகுதியில் குழுவைச் சேர். விண்டோஸ் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4663 என்ற எண்ணில் வரும். சர்வர் முழுவதற்கும் போடாதே, லாக் நிரம்பிவிடும். மூலத்துக்கு மட்டும் போடு. அங்கே யாரும் போகக் கூடாது என்பதால் ஒரு வரி வந்தாலே ஏன் என்று பார்க்கலாம்.

---

வடவாற்றுக்காரன்

பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மூலம், பார்வை நகல் இரண்டையும் பிரித்தாயிற்று. ஹேஷ் பட்டியல் ஏழு பக்கம் வந்தது, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். கவர் இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன.

விவசாயிகள் ஆவணங்களைப் பிரிக்கத்தான் நான்கு ராத்திரி ஆயிற்று. நான் நினைத்ததைவிட அதிகம். என் சித்தப்பாவுடையதும் இருந்தது, அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையெல்லாம் நாம எதுக்குடா வெச்சிருக்கோம்" என்று கேட்டார். ஆடிட்டரிடம் பட்டியல் போயிருக்கிறது, அவர் சொன்னதும் அழிக்கப் போகிறோம்.

வியாழக்கிழமை அண்ணனின் ஆடிட்டர் வந்தார். கூடவே அண்ணனும் வந்துவிட்டார், எதிர்பார்க்கவில்லை. நோட்டில் பெயர் எழுதி, 2008 முதல் 2019 மார்ச் வரை, ஒரு நாள் என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். 214 பக்கம் பிடிஎஃப் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார்கள். சாயங்காலம் நகலை அழித்துவிட்டு நோட்டில் மூடிய தேதி எழுதினேன்.

ஒரத்தநாட்டுத் தம்பி, உரக்கடையில் இனி ஆதார் ஜெராக்ஸ் வாங்குவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. கருவியில் விரல் வைத்தால் போதும்.

மிச்சம் ஒன்று: எடைமேடைக் கணினியில் வண்டி எண்ணோடு கேமரா படங்கள் 2020லிருந்து சேர்ந்து கிடக்கின்றன. அதில் ஓட்டுநர் முகமும் தெரிகிறது. இதையும் தனியாகப் பிரிக்க வேண்டுமா?

---

திருவாரூர்_பேரேடு

பிரியுங்கள். எடையில் தகராறு இருக்கும் சீட்டுகளின் படத்தை மட்டும் கணக்கோடு வைத்துக்கொண்டு, மற்றதை எத்தனை மாதம் வைப்பது என்று முதலாளியிடம் எழுதி வாங்குங்கள். அந்த நோட்டிலேயே எழுதலாம்.